தாய்வழி ‘எம்’, தந்தைவழி ‘ஆர்1ஏ’: அப்படியென்றால் நான் யார்?

கேள்வி கேட்டவர் எச்சிலை ஒரு குப்பியில் பிடித்து அனுப்பி, காசு கட்டித் தன் வம்சாவளி அறிக்கையை வாங்கியிருக்கிறார். தாய்வழிக் குழு ‘எம்’, தந்தைவழிக் குழு ‘ஆர்1ஏ’, நியாண்டர்தால் சுமார் 2 சதவீதம் என்று வந்திருக்கிறது. “இதை வைத்துப் பார்த்தால் நான் ஆரியனா, திராவிடனா? நியாண்டர்தால் என்றால் அழிந்துபோன வேறு இனம் என்றுதானே படித்தோம், அது எப்படி எனக்குள் வந்தது? பழைய எலும்புகளிலிருந்து டிஎன்ஏ எடுக்கிறார்களே, அது இதற்கெல்லாம் என்ன பதில் சொல்கிறது?” என்று கேட்கிறார்.

மூன்று கேள்விக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது, அங்கிருந்தே தொடங்குகிறேன். அந்த ‘எம்’மும் ‘ஆர்1ஏ’வும் உங்கள் முழு வம்சத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் உங்களுக்கு இருந்த முன்னோர்களில் இரண்டே இரண்டு பேரைப் பற்றி மட்டும் பேசுகின்றன. மற்றவர்களைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. மரபணு வரிசைகளைப் பார்ப்பதே எனக்குப் பல வருட வேலை, அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: வம்சாவளி பற்றி நம் ஊரில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு விஷயம் புரியாததால் வருகிறவை.

குலதெய்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் குலதெய்வம்தான் நமக்கும். அப்பாவுக்கு அவருடைய அப்பா வழி, அவருக்கு அவருடைய அப்பா வழி. சிவராத்திரிக்கு வேன் பிடித்து அந்தக் கோயிலுக்குத்தான் போகிறோம். அம்மாவுடைய அப்பாவின் குலதெய்வம் எது என்று கேட்டால் பாதிப் பேர் யோசிப்பார்கள், அப்பாவுடைய அம்மாவின் அப்பா என்றால் வீட்டில் யாருக்குமே தெரிந்திருக்காது. ஒய் குரோமோசோம் (உங்கள் ‘ஆர்1ஏ’ இதைப் படித்துச் சொன்னது) அச்சு அசலாக இந்த வழியில் போவது: அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக உள்ள டிஎன்ஏ (உங்கள் ‘எம்’ இதைப் படித்துச் சொன்னது) இதற்கு எதிர்ப்பக்கம், பாட்டியின் அட்டிகை அம்மாவுக்கும் அம்மாவிடமிருந்து மகளுக்கும் போகிற மாதிரி. அம்மா அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பார், ஆனால் மகனோடு அது நின்றுவிடும்.

பத்துத் தலைமுறை பின்னால் போனால் உங்கள் வம்சத்தில் 1,024 இடங்கள். (மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் நடக்கிற ஊர் நம்முடையது, அதனால் ஒரே தாத்தா இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்திருப்பார், ஆள் எண்ணிக்கை குறையும், இட எண்ணிக்கை அதேதான்.) அதில் ஓர் இடத்திலிருந்து உங்கள் ஒய், இன்னோர் இடத்திலிருந்து உங்கள் மைட்டோகாண்ட்ரியா. மீதி 1,022 இடங்களில் இருந்தவர்களின் பங்கு மற்ற குரோமோசோம்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு தலைமுறையிலும் அப்பா தரும் பாதியும் அம்மா தரும் பாதியும் வெட்டிச் சேர்த்துக் கலைக்கப்பட்டுத்தான் பிள்ளைக்கு வருகிறது. இப்படிப் பத்து முறை கலைத்த பிறகு அந்த 1,024 பேரில் கிட்டத்தட்டப் பாதிப் பேரிடமிருந்து ஒரு துண்டுகூட உங்களுக்கு வந்திருக்காது. அவர்களும் உங்கள் பாட்டன் பூட்டிகள்தான், டிஎன்ஏவில் மட்டும் தடயம் இல்லை.

அளவையும் பாருங்கள். டிஎன்ஏ என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கு வேதி எழுத்துகளால் ஆனது. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ மொத்தம் 16,569 எழுத்து. முழு ஜீனோம், அதாவது எல்லா டிஎன்ஏவும் சேர்ந்தால், 300 கோடிக்கும் மேல். அப்படியிருக்க, தொல் டிஎன்ஏ ஆய்வு ஏன் இந்தச் சின்னத் துண்டிலிருந்து தொடங்கியது என்றால், கிடைத்தது அதுதான். ஒரு செல்லில் சாதாரண குரோமோசோம் இரண்டு பிரதிதான் இருக்கும், மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ நூற்றுக்கணக்கில், சில செல்களில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பல்லாயிரம் வருடம் மண்ணில் கிடந்து எல்லாம் சிதைந்த பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்க வாய்ப்பு அதில் அதிகம்.

சிதைவு என்றால் எந்த அளவுக்கு என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வேலையின் கஷ்டமே அங்கேதான். உயிர் போனதும் செல்லில் உள்ள நொதிகளே டிஎன்ஏவை நறுக்கத் தொடங்கிவிடும், அப்புறம் பாக்டீரியா, அப்புறம் ஈரம், வெப்பம். கடைசியில் மிஞ்சுவது 40, 50 எழுத்து நீளமுள்ள துணுக்குகள். எலும்பைத் துளையிட்டு எடுத்த தூளில் இருக்கும் டிஎன்ஏவில் பெரும்பகுதி மண் பாக்டீரியாவுடையது, மனிதனுடையது சில சதவீதம் இருந்தாலே அதிர்ஷ்டம். அதிலும் ஆய்வகத்தில் நிற்பவரின் தோல், தும்மல், பத்து வருடம் முன் அந்த எலும்பைக் கையில் எடுத்துப் பார்த்த தொல்லியலாளரின் வியர்வை எல்லாம் கலந்திருக்கும். 1994இல் டைனோசர் டிஎன்ஏ என்று ஒரு குழு அறிவித்தது, கடைசியில் பார்த்தால் மனித டிஎன்ஏ. இந்தத் துறைக்காக 2022இல் மருத்துவ நோபல் வாங்கிய ஸ்வாந்தே பாபோ 1985இல் எகிப்திய மம்மி ஒன்றிலிருந்து டிஎன்ஏ எடுத்ததாக வெளியிட்டாரே, அதுகூடப் பிற்கால மனிதர் ஒருவருடையதாக இருக்கலாம் என்றுதான் இன்று கருதுகிறார்கள்.

இதற்கு வழியைச் சிதைவே காட்டியது. நான்கு எழுத்துகளில் ‘சி’ என்பது காலப்போக்கில் ஒரு அமினோ தொகுதியை இழந்து உருமாறும், இயந்திரம் அதை ‘டி’ என்று படிக்கும். இந்தச் சேதம் துணுக்கின் இரண்டு முனைகளிலும்தான் அதிகமாக விழும். அதனால் முனைகளில் ‘சி’ வரவேண்டிய இடத்தில் ‘டி’ நிறைய வந்தால் அது பழைய துணுக்கு, சுத்தமாக இருந்தால் நேற்றுத் தும்மியவருடையது. பழைய ஓலைச்சுவடியின் செல்லரித்த ஓரத்தைப் பார்த்தே இது அசல் என்று சொல்கிற மாதிரி.

சரி, இப்போது நியாண்டர்தாலுக்கு வருகிறேன். ஜெர்மனியின் நியாண்டர் பள்ளத்தாக்கில் 1856இல் கிடைத்த எலும்புக்கூட்டின் மேற்கை எலும்பிலிருந்து 1997இல் பாபோவின் குழு மைட்டோகாண்ட்ரியாவின் 379 எழுத்துப் பகுதியை எடுத்தது. இன்று உலகில் யார் இரண்டு பேரை ஒப்பிட்டாலும் அந்தப் பகுதியில் சராசரியாக 8 எழுத்துதான் மாறும். நியாண்டர்தாலோடு ஒப்பிட்டால் 27. இன்றைய மனிதர் யாருடைய வரிசையும் அந்தப் பக்கம் போய் ஒட்டவில்லை. ஆகவே அவர்கள் தனி, நாம் தனி, கலப்பு நடந்ததற்குத் தடயம் இல்லை. அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடம் இதுதான் பெரும்பாலோர் ஏற்ற பதில். நீங்கள் பள்ளியில் படித்ததும் இதுதான்.

2010 மே மாதம் அதே பாபோவின் குழு, குரோஷியாவின் விண்டிஜா குகையில் கிடைத்த மூன்று பெண்களின் எலும்புகளிலிருந்து முழு ஜீனோமின் வரைவை வெளியிட்டது. செய்த சோதனை எளிமையானது. ஒரு பிரெஞ்சுக்காரரையும் மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா ஒருவரையும் எடுத்துக்கொள். இருவருக்கும் எழுத்து வேறுபடுகிற இடங்களை மட்டும் பார். அதில், சிம்பன்சியிடம் இல்லாத புதிய எழுத்து நியாண்டர்தாலிடம் இருக்கிற இடங்களைப் பொறுக்கு. இப்போது நியாண்டர்தால் யாரோடு ஒத்துப்போகிறது? கலப்பே நடக்கவில்லையென்றால் இருவரோடும் சரிபாதியாக ஒத்துப்போக வேண்டும், நாணயம் சுண்டுகிற மாதிரி. அப்படி வரவில்லை. பிரெஞ்சுக்காரர் பக்கம் சாய்ந்தது. சீனரை வைத்துப் பார்த்தாலும் அதே சாய்வு, பப்புவா நியூ கினியாக்காரரை வைத்துப் பார்த்தாலும் அதே சாய்வு. பப்புவாவில் எந்தக் காலத்திலும் நியாண்டர்தால் வாழ்ந்ததில்லை. ஆகவே கலப்பு நடந்தது நம் முன்னோர்கள் ஆப்பிரிக்காவை விட்டு வெளியே வந்து, உலகம் முழுக்கப் பரவுவதற்கு முன்னால், அநேகமாக மேற்காசியாவில். அப்போது 1 முதல் 4 சதவீதம் என்றார்கள், இன்று துல்லியமான கணக்கில் ஏறத்தாழ 2. உங்கள் அறிக்கையில் இருக்கிற 2 அதுதான். உங்களுக்கு மட்டும் இருக்கிற விசேஷம் என்று நினைத்துவிடாதீர்கள், உங்கள் தெருவில் இருக்கிற எல்லோருக்கும் உண்டு.

அப்படியென்றால் 1997இல் எடுத்தது தப்பா? தப்பே இல்லை, அந்த வரிசை இன்றைக்கும் சரிதான். இன்றுவரை உயிரோடு இருக்கிற ஒருவரிடமும் நியாண்டர்தால் மைட்டோகாண்ட்ரியா கிடைத்ததில்லை, நியாண்டர்தால் ஒய்யும் கிடைத்ததில்லை. ஒற்றை வழி என்பது சுலபமாக அறுந்துபோகக் கூடியது. ஒரு பெண்ணுக்கு ஐந்து பிள்ளைகள், ஐந்தும் ஆண் என்றால் அவளுடைய மைட்டோகாண்ட்ரியா வழி அந்த இடத்திலேயே முடிந்தது. பேரப்பிள்ளைகள் இருபது பேர் அவளுடைய மற்ற டிஎன்ஏவைச் சுமந்துகொண்டு நடமாடுவார்கள், ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் படிப்பவருக்கு அப்படி ஒரு பெண் வாழ்ந்த சுவடே தெரியாது. 1997இல் நடந்தது இதுதான்: ஒரு வழியைப் பார்த்துவிட்டு முழு வம்சத்துக்கும் தீர்ப்பு எழுதிவிட்டோம்.

இது ஒரு தடவை நடந்த விபத்தும் கிடையாது. சைபீரியாவில், அல்தாய் மலையில் டெனிசோவா என்றொரு குகை. 2008இல் அங்கே ஒரு சிறுமியின் விரல் நுனி எலும்பு கிடைத்தது, ஒரு பருப்பு அளவுதான். 2010 மார்ச்சில் அதன் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்தார்கள். நியாண்டர்தால் நம்மிடமிருந்து சராசரியாக 202 இடத்தில் வேறுபடும், இதுவோ 385 இடத்தில் வேறுபட்டது. சுமார் 10 லட்சம் ஆண்டுக்கு முன் பிரிந்த, நமக்கும் நியாண்டர்தாலுக்கும் பொதுவான உறவுக்கு அப்பால் நிற்கிற ஏதோ ஒரு கூட்டம் என்று கணக்கு வந்தது. அதே வருடம் டிசம்பரில் அதே விரலின் முழு ஜீனோம் வந்தது. பார்த்தால் இவர்கள் நியாண்டர்தாலுக்குப் பங்காளிகள். டெனிசோவன் என்று பெயர் வைத்தார்கள். இவர்களுடைய டிஎன்ஏ இன்றைய பப்புவா மக்களிடம் 4 முதல் 6 சதவீதம் இருக்கிறது என்பதும் அப்போது தெரிந்தது. ஒரே விரல், ஒன்பது மாத இடைவெளி, இரண்டு வேறு கதை. ஸ்பெயினின் அதாபுவெர்காவில் சுமார் 4,30,000 ஆண்டுப் பழைய எலும்புகளிலும் இதே கூத்து: 2013இல் மைட்டோகாண்ட்ரியா டெனிசோவன் பக்கம் சாய்ந்தது, 2016இல் மற்ற குரோமோசோம்கள் இவர்கள் ஆரம்பகால நியாண்டர்தால்கள் என்றன. பிற்கால நியாண்டர்தால்களிடம் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் ஒய்யும் நம்முடைய கிளையிலிருந்து மிகப் பழைய ஒரு கலப்பில் அவர்களுக்குள் போனவை என்பதுதான் இன்றைய புரிதல். அதாவது நாம் 1997இல் “நியாண்டர்தால்” என்று ஒப்பிட்டுப் பார்த்த அந்த வழியே அசல் நியாண்டர்தால் வழி இல்லை போலிருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ஆனால் இந்த விஷயத்தை ஒரே ஆளை வைத்துச் சொல்ல வேண்டுமென்றால் ‘டென்னி’ என்று செல்லப்பெயர் வைக்கப்பட்ட ஒரு பெண்ணைத்தான் நான் சொல்வேன். டெனிசோவா குகையில் யானை, குதிரை, கழுதைப்புலி என்று கலந்து கிடந்த, எந்த விலங்கு என்றே சொல்ல முடியாத எலும்புச் சில்லுகள் 2,000க்கு மேல் ஒரு மூட்டையாக ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்தன. சமந்தா பிரவுன் என்ற மாணவி ஒவ்வொரு சில்லிலும் துளி அறுத்து, அதிலிருக்கும் கொலாஜன் புரதத்தை வைத்து இது எந்த விலங்கு என்று பார்த்துக்கொண்டே வந்தார். நாள்கணக்கில், மாதக்கணக்கில். ஒரே ஒரு சில்லு மனித வகையாக வந்தது, இரண்டரை சென்டிமீட்டர்கூட இல்லை. 2016இல் அதன் மைட்டோகாண்ட்ரியாவைப் படித்து, நியாண்டர்தால் என்று வெளியிட்டார்கள்.

உங்கள் அறிக்கை மாதிரி ஒன்று டென்னிக்கு வந்திருந்தால் அதில் “தாய்வழி: நியாண்டர்தால்” என்று இருந்திருக்கும், அவளும் தன்னை நியாண்டர்தால் என்று சொல்லிக்கொண்டு போயிருப்பாள்.

2018இல் விவியன் ஸ்லோன் அதே சில்லின் முழு ஜீனோமைப் படித்தார். பாதி நியாண்டர்தால், பாதி டெனிசோவன். முதலில் எங்கேயோ கலந்துவிட்டது என்றுதான் சந்தேகம், மறுபடி மறுபடி எலும்புத் தூள் எடுத்துப் பார்த்தார்கள், மாறவில்லை. இரண்டு இனமும் எப்போதோ கலந்த ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவளாக இருக்கலாம் அல்லவா என்று கேட்கலாம். அப்படியென்றால் சில இடங்களில் இரண்டு பிரதியும் நியாண்டர்தாலாக இருக்கும், சில இடங்களில் இரண்டுமே டெனிசோவனாக இருக்கும். இவளுக்கு அப்படி இல்லை. குரோமோசோம் நெடுக ஒரு பிரதி இது, ஒரு பிரதி அது. அப்படி வர ஒரே வழிதான் உண்டு: அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவன். சுமார் 90,000 ஆண்டுக்கு முன் இறந்த, குறைந்தது 13 வயதாவது ஆன ஒரு பெண். இதோடு முடியவில்லை. அப்பாவிடமிருந்து வந்த டெனிசோவன் பிரதியிலும் ஆங்காங்கே நியாண்டர்தால் துண்டுகள் இருந்தன, பல நூறு தலைமுறைக்கு முன் அந்த வம்சத்திலும் ஒரு கலப்பு. கையில் கிடைத்த எலும்புகளே விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு, அதற்குள் இப்படி ஒரு நேரடிக் கலப்புப் பிள்ளை கிடைக்கிறாள் என்றால், இந்தக் கூட்டங்கள் சந்தித்த இடங்களில் கலப்பு அபூர்வமாக நடக்கவில்லை என்று அர்த்தம். ருமேனியாவின் ஒவாசே குகையில் கிடைத்த, 37,000 முதல் 42,000 ஆண்டுப் பழைய நம் இனத்து ஆண் ஒருவருக்கு நான்கிலிருந்து ஆறு தலைமுறைக்குள் ஒரு நியாண்டர்தால் முன்னோர். கொள்ளுத் தாத்தாவுக்குத் தாத்தா என்கிற தூரம்தான்.

அப்படிக் கலந்ததில் என்ன மிஞ்சியது, எது போனது என்பது பரிணாமம் வேலை செய்வதை நேரில் பார்ப்பது மாதிரி. எக்ஸ் குரோமோசோமில் பெரிய பெரிய பகுதிகளில் நியாண்டர்தால் துண்டு அறவே இல்லை, விரைகளில் வேலை செய்யும் மரபணுக்களின் அருகிலும் மிகக் குறைவு. கலப்பில் பிறந்த ஆண்களுக்குப் பிள்ளைப்பேறு குறைந்திருக்க வேண்டும், அதனால் அந்தத் துண்டுகள் தலைமுறை தலைமுறையாக வடிகட்டப்பட்டுவிட்டன. சில துண்டுகள் நேர்மாறாக நிலைத்து நின்றன. திபெத்தியர்கள் மூச்சு முட்டாமல் உயரத்தில் வாழ உதவும் ‘ஈபிஏஎஸ்1’ மரபணு வடிவம் டெனிசோவனிடமிருந்து வந்தது என்று 2014இல் கண்டுபிடித்தார்கள். நமக்கு நெருக்கமான உதாரணம் கோவிட். மூன்றாம் குரோமோசோமில் சுமார் 50,000 எழுத்து நீளமுள்ள ஒரு துண்டு, அது இருப்பவர்களுக்குக் கோவிட் தீவிரமாகும் ஆபத்து அதிகம். ஹியூகோ சேபர்க்கும் பாபோவும் 2020இல் அது நியாண்டர்தால் துண்டு என்று காட்டினார்கள். ஐரோப்பாவில் 16 சதவீதம் பேரிடம்தான் அது உண்டு, தெற்காசியாவில் ஏறக்குறைய பாதிப் பேரிடம், வங்கதேசத்தில் 63 சதவீதம் பேரிடம். ஏதோ ஒரு பழைய நோய்க்கு எதிராக அது ஒருகாலத்தில் உதவியிருக்கலாம், அதனால்தான் நம் பக்கம் இவ்வளவு பெருகியிருக்கிறது என்று கருதுகிறார்கள்.

இந்த 2 சதவீதம் எல்லோரிடமும் ஒரே 2 சதவீதம் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒரு துண்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் வேறு துண்டு. 2025இல் வெளிவந்த ஆய்வில் 2,762 இந்தியர்களின் ஜீனோம்களிலிருந்து இந்தத் துண்டுகளைப் பொறுக்கி அடுக்கியபோது நியாண்டர்தால் ஜீனோமில் ஏறக்குறைய பாதி திரும்பக் கிடைத்தது.

இப்போது முதல் கேள்வி, ஆரியனா திராவிடனா.

இரண்டும் மொழிக் குடும்பத்தோடு சேர்ந்த சொற்கள், எந்தக் குரோமோசோமிலும் மொழி எழுதியிருக்காது. அதை ஒதுக்கிவைத்துவிட்டு, உங்கள் ‘எம்’மையும் ‘ஆர்1ஏ’வையும் மட்டும் பார்ப்போம். இந்தியர்களில் பாதிக்கும் மேல் தாய்வழி ‘எம்’தான், சாதி, மொழி, வடக்கு, தெற்கு என்ற பேதம் இல்லாமல். இங்கே அது மிகப் பழைய வழி, பல்லாயிரம் ஆண்டு வேர். 2000க்குப் பிறகு கொஞ்ச காலம் இதை மட்டும் வைத்துக்கொண்டு “வெளியிலிருந்து யாருமே வரவில்லை” என்று ஒரு தரப்பு எழுதியது. ஒய்யில் ‘ஆர்1ஏ’வை மட்டும் பார்த்தவர்கள் “எல்லாமே வெளியிலிருந்து வந்தது” என்ற தொனியில் எழுதினார்கள். இரண்டு தரப்பும் ஆளுக்கு ஓர் ஒற்றை வழியைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஆர்1ஏ பிராமணர்களிடம் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் அது ஆந்திராவின் செஞ்சு பழங்குடியினரிடமும் இருக்கிறது. மொத்த மரபில் இந்த இரண்டு கூட்டமும் எவ்வளவு தூரத்தில் நிற்கின்றன என்பதை அந்த ஓர் எழுத்து சொல்லவே சொல்லாது.

முழு ஜீனோம் வந்த பிறகுதான் தரை தெரிந்தது. 2009இல் ஐதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சிசிஎம்பியிலிருந்து தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் ஹார்வர்டின் டேவிட் ரைக்கும் சேர்ந்து, இந்தியாவின் அநேகமாக எல்லாக் கூட்டங்களும் இரண்டு பழைய மூல மரபுகளின் கலவை, விகிதம்தான் மாறுகிறது என்று காட்டினார்கள். 2013இல் அந்தக் கலப்பு ஏறத்தாழ 4,200 ஆண்டுக்கும் 1,900 ஆண்டுக்கும் இடையில் நடந்தது என்று கணக்கிட்டார்கள், அதற்குப் பிறகு கூட்டங்கள் தங்களுக்குள்ளேயே மணம் முடிக்கத் தொடங்கிக் கதவைச் சாத்திக்கொண்டன. அப்புறம் 2019இல் தொல் டிஎன்ஏ வந்தது. இதில் ராக்கிகடியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஹரியானாவில் இருக்கும் சிந்துவெளி நகரம் அது. வசந்த் ஷிண்டேயின் குழு அங்கே தோண்டிய புதைகுழிகளிலிருந்து 60க்கும் மேற்பட்ட எலும்பு மாதிரிகளைச் சோதித்தார்கள். நம் ஊர் வெயிலில் டிஎன்ஏ நிற்பதில்லை, டெனிசோவா குகையின் குளிர் நமக்கு இல்லை. உட்காதைச் சுற்றி இருக்கும் கெட்டியான எலும்பில்தான் மிச்சமிருக்க வாய்ப்பு அதிகம், அதில்கூட ஒரே ஒரு பெண்ணிடம்தான் கொஞ்சம் தேறியது, அதையும் 100 தடவைக்கு மேல் முயன்று சேர்த்துத்தான் ஒரு மெல்லிய ஜீனோம் கிடைத்தது.

அவளுடைய தாய்வழி ‘யு2பி2’ என்ற குழு. அதோடு நிறுத்தியிருந்தால் நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. முழு ஜீனோம் சொன்னது வேறு: ஈரான் பகுதியோடு தொடர்புள்ள, ஆனால் அங்கே விவசாயம் தொடங்கும் முன்பே பிரிந்துவிட்ட ஒரு மரபும், தெற்காசியாவின் பழைய வேட்டைச் சமூகத்தின் மரபும் அவளிடம் இருந்தன. யூரேசியப் புல்வெளியிலிருந்து வந்த ஸ்டெப்பி மரபு இல்லை. ஒரே ஒரு பெண்ணை வைத்து ஒரு நாகரிகத்தைப் பற்றிப் பேசலாமா என்று நிறையப் பேர் கேட்டார்கள், நியாயமான கேள்வி. முழு ஜீனோம் என்பது ஒரு ஆள் என்றாலும் அதற்குள் ஆயிரக்கணக்கான முன்னோர்களின் துண்டுகள் இருக்கின்றன, அதனால் அது ஒரு ஊரையே விசாரிப்பதற்குச் சமம். போதாததற்கு, இன்றைய துர்க்மெனிஸ்தானிலும் கிழக்கு ஈரானிலும் கிடைத்த, உள்ளூர்க்காரர்களோடு ஒட்டாத 11 பேரின் ஜீனோமும் இவளுடையதோடு ஒத்துப்போனது. சிந்துவெளியிலிருந்து அங்கே போனவர்களாக இருக்க வேண்டும். ஸ்டெப்பி மரபு அதற்குப் பிறகு, பொ.ஆ.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் தெற்காசியாவுக்கு வந்து கலந்தது. ஒற்றை வழி எப்படி ஏமாற்றும் என்பதற்கு இங்கேயும் ஒரு சாட்சி: இன்றைய இந்தியர்களிடம் ஸ்டெப்பி மரபு பெரும்பாலும் ஆண்கள் வழியாக வந்தது தெரிகிறது, ஆனால் பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்கில் சுமார் 3,000 ஆண்டுக்கு முன் புதைக்கப்பட்டவர்களிடம் ஸ்டெப்பி மரபு தாராளமாக இருந்தும் ஆர்1ஏ மிகக் குறைவு, அங்கே அது பெண்கள் வழியாக வந்திருக்கிறது. ஒய்யை மட்டும் பார்த்திருந்தால் சுவாத்தில் யாரும் வரவில்லை என்று எழுதியிருப்போம்.

ஆகவே உங்களுக்குப் பதில்: பழைய வேட்டைச் சமூகம், சிந்துவெளியோடு தொடர்புள்ள ஈரானிய மரபு, ஸ்டெப்பி மரபு. 2009இல் சொன்ன அந்த இரண்டு மூல மரபுகளும் இந்த மூன்றிலிருந்து கலந்து உருவானவைதான். பெரும்பாலான இந்தியர்கள் இம்மூன்றின் ஏதோ ஒரு விகிதம், நீங்களும் அப்படித்தான் இருப்பீர்கள். உங்கள் ஆர்1ஏ, உங்கள் அப்பாவின் அப்பாவின் அப்பா என்று போகிற ஒற்றைச் சங்கிலியில் யாரோ ஒருவர் புல்வெளிப் பக்கமிருந்து வந்தவர் என்று மட்டும் சொல்கிறது. உங்கள் உடம்பில் அந்த மரபு எத்தனை சதவீதம் என்று அது சொல்லவில்லை, பத்தும் இருக்கலாம், அதற்குக் கீழேயும் இருக்கலாம்.

உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் ஜோதிமாணிக்கம் என்ற ஊரில் ஒருவரிடம் ‘எம்130’ என்ற ஒய் அடையாளத்தை மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பன் கண்டெடுத்ததும், “ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முதல் இந்தியனின் நேரடி வாரிசு” என்று பத்திரிகைகள் எழுதியதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். கண்டுபிடிப்பு அருமையானது, மிகப் பழைய ஒரு வழி இங்கே பிழைத்திருக்கிறது என்று அது காட்டியது. ஆனால் பக்கத்துத் தெருவில் எம்130 இல்லாத ஒருவருக்கும் அதே பழைய வேட்டைச் சமூகத்தின் பங்கு கிட்டத்தட்ட அதே அளவு இருக்கும், அவருடைய மற்ற குரோமோசோம்களில். அதே எம்130 வழியின் இன்னொரு கிளை மங்கோலியாவிலும் கசகஸ்தானிலும் ஏராளம், அதற்காக அவரை மங்கோலியர் என்று சொல்ல மாட்டோமே. கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளில் கிடைத்த எலும்புகளிலும் டிஎன்ஏ வேலை நடக்கிறது. அதன் முடிவு வந்து ஊரெல்லாம் பேசும்போது நான் முதலில் பார்க்கப்போவது ஒன்றைத்தான்: மைட்டோகாண்ட்ரியா மட்டும் கிடைத்ததா, முழு ஜீனோமா? 2025இல் சீனாவின் ஹார்பின் மண்டையோடு டெனிசோவன் என்று செய்தி வந்தபோதும் அதையே பார்த்தேன். பல்லில் படிந்த காரையிலிருந்து மைட்டோகாண்ட்ரியா, எலும்பிலிருந்து புரதங்கள், இரண்டும் ஒரே பக்கம் காட்டின. முழு ஜீனோம் அதில் இல்லை.

கடைசியாக, உங்கள் கையிலேயே செய்யக்கூடிய ஒன்று. நீங்கள் சுமக்கும் இரண்டு வழி போக, இன்னும் இரண்டு வழி உங்கள் வீட்டிலேயே கிடைக்கும். அப்பாவிடமோ அத்தையிடமோ எச்சில் வாங்கினால் உங்கள் அப்பத்தாவின் தாய்வழி வரும். அத்தைக்கு மகள் இருந்தால் அது மேலும் தொடரும், உங்களிடம் அது வராது. தாய்மாமாவிடம் வாங்கினால் உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் ஒய் வரும், அவருக்கு மகன் இல்லையென்றால் அந்த வீட்டில் அது மாமாவோடு சரி. இருவரும் ஒப்புக்கொண்டால் நான்கு தாத்தா பாட்டிகளுக்கும் ஆளுக்கொரு வழி உங்கள் கையில் இருக்கும். அப்படிச் செய்துவிட்டு, அந்த நான்கு பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான்கும் ஒரே கதையைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.